எட்டு முழ அறைக்கு இரண்டு ரின்

அந்தச் சனிக்கிழமை காலை முன்னறையில் நின்றவர்கள் மூன்று பேர். முதலாமவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான அண்ணை. பெற்றோல் ஸ்டேசனில் வேலை. ஆறடி தாண்டிய உயரம். கதவு நிலைகளுக்குத் தலை குனிந்தே பழகியவர். அடுத்தவன் மன்னாரிலிருந்து வந்த என் வயதுக்காரன், உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவன். மூன்றாவது நான். அங்கே இல்லாதவர்களையும் சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் வழக்கமாகப் படுக்கிற பேக்கரிக்கார நண்பர் ஷிப்டுக்குப் போயிருந்தார். வீட்டுக்காரர் இல்ஃபோர்டில் தன்னுடைய துணிக்கடையில் இருந்தார். அண்ணையின் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில், விசா குத்திய பாஸ்போட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை விமானத்துக்கு நாளெண்ணிக்கொண்டிருந்தா.

உண்மையில் அன்று நடந்ததெல்லாம் கடைசியாகச் சொன்ன அந்த ஒருவருக்காகத்தான்.

எண்பதுகளின் கடைசிப் பகுதி அது. லண்டன் மனோர் பார்க்கில், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கிற வீடுகளில் ஒன்றை நாங்கள் நான்கு ஆண்கள் வாடகைக்கு எடுத்திருந்தோம். வீட்டுக்காரர் தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. குடும்பங்களுக்கு விடமாட்டேன் என்பது அவருடைய சட்டம். ஐந்து வாரம் பின்னால் திரிந்து, கடைசியில் அண்ணை அவரிடமிருந்து ஒரு வாக்கு வாங்கியிருந்தார். முன்னறைச் சுவர்கள் சிகரெட் புகையில் பழுத்துக் கிடந்தன. உங்கள் செலவில் அதற்குப் பெயின்ற் அடியுங்கள், வெள்ளிக்கிழமை காலை வந்து பார்ப்பேன், குடும்பம் இருக்கிற அறை மாதிரி இருந்தால் குடும்பம் இருக்கட்டும், இல்லாவிட்டால் இல்லை. இதுதான் வாக்கு.

இல்லாவிட்டால் என்ன என்பதும் தெரிந்த விசயம்தான். அண்ணையின் சம்பளத்துக்குத் தனி வீடு கிடைக்காது. தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிற தூரத்து உறவுக்காரர் வீட்டில் மனைவி மட்டும் தங்கலாம். அண்ணைக்கு அங்கே இடமில்லை. கலியாணம் முடித்து ஆறு வாரத்தில் நாட்டை விட்டு வெளிக்கிட்டவர் அவர்.

"நாலு வருசம் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா இருந்தாச்சு," என்றார் அண்ணை. "இனித் தேம்ஸ் ஆத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா இருக்கிறதே, தம்பி? என்னால ஏலாது."

பெயின்ற் எவ்வளவு தேவை என்று கணக்கெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டில் அந்த மாதிரி வேலைகளெல்லாம் என்னிடம்தான் வரும். கவுன்சில் கடிதம் வாசிப்பது, விசா விசயத்தில் உள்நாட்டு அலுவலகத்துக்குப் படிவம் நிரப்புவது, மின்சார மீற்றர் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது. நான் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தவன். என் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள். அப்பா கூலிக்கு வேலி அடைக்கிறவர். கையெழுத்துக்குப் பெருவிரலை நீட்டுகிறவர். வேலியைக் கண்ணால் பார்த்தே இத்தனை ஓலை வேண்டும் என்று சொல்லிவிடுவார். அதை நான் ஒரு நாளும் கணக்கு என்று மதித்ததில்லை. கணக்கென்றால் கொப்பியில் இருக்க வேண்டும், படி படியாக இறங்கிவந்து அடியில் இரட்டைக்கோடு போட்டு முடிய வேண்டும். அப்படித்தான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நானும் அப்படியே நம்பினேன். லண்டனுக்கு வந்தும் வாரத்தில் மூன்று நாள் கல்லூரி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மன்னார்க்காரன் எனக்கு வைத்த பெயர் 'புரொபசர்'.

அளக்க வீட்டில் நாடா இல்லை. என் வகுப்புப் பையில் ஓரடி நீளத்தில் பிளாஸ்ரிக் அடிமட்டம் ஒன்று இருந்தது. அதைச் சுவரில் பிடித்து, பென்சிலால் கோடு போட்டு, நகர்த்தி, மறுபடி பிடித்து நான் மூன்றாவது அடிக்கு வந்தபோதே அண்ணைக்குப் பொறுமை போய்விட்டது.

"டேய் தம்பி, நீ உதால அளந்து முடிக்கிறதுக்குள்ள என்ர மனுசி வந்து, ஒரு பிள்ளையும் பெத்து, அது பள்ளிக்கூடம் போயிடும். அங்கால தள்ளு. நான் முழம் போடுறன், நீ எழுது."

சொல்லிவிட்டு முழங்கையைச் சுவர் மூலையில் ஊன்றினார். ஊரில் துணி, கயிறு, வேட்டி எல்லாம் அளக்கிற அதே முறைதான். நடுவிரல் நுனி தொட்ட இடத்தில் மற்றக் கையின் விரலை வைத்துக்கொண்டு, அங்கிருந்து அடுத்த முழம். நீளம் எட்டு முழம். அகலம் ஏழு முழம். உயரத்துக்குக் கதிரையில் ஏறினார், ஐந்து முழம். ஒரு சாண் கூடவோ குறையவோ இல்லாமல் முழுசு முழுசாக வந்ததில் எனக்குப் பெரிய சந்தோசம். அறையே கணக்குக்காகக் கட்டப்பட்டது போலத் தோன்றியது.

முழம் என்பது ஒன்றரை அடி. இது எனக்கு நான்காம் வகுப்பிலிருந்து தெரியும். ஆகவே பன்னிரண்டு அடி, பத்தரை அடி, ஏழரை அடி. நான்கு சுவரையும் சேர்த்து, கதவையும் ஜன்னலையும் கழித்தேன். சதுர அடியைச் சதுர மீற்றராக்க பத்து தசம் ஏழு ஆறால் பிரித்தேன். இரண்டு பூச்சு அடிக்க வேண்டும் என்பதால் இரண்டால் பெருக்கினேன். ஒரு லீற்றர் பன்னிரண்டு சதுர மீற்றருக்குக் காணும் என்று கடை விளம்பரத்தில் போட்டிருந்தது, அதனாலும் பிரித்தேன். நான்கு லீற்றரும் மூன்றில் ஒரு பங்கும் என்று விடை வந்தது. அடியில் இரட்டைக்கோடு போட்டேன்.

"ரெண்டரை லீற்றர் பெயின்ற் ரின் ரெண்டு," என்றேன். "அரை லீற்றருக்கு மேல மிஞ்சும்."

"மிஞ்சினா உம்மட கன்னத்துக்கு அடிப்பம்," என்றான் மன்னார்க்காரன். ஆனால் அவன்கூடக் கொப்பியை ஒரு தரம் வாங்கி, தசமப் புள்ளிகளை மரியாதையோடு பார்த்துவிட்டுத்தான் தந்தான்.

பிரதான வீதியில் இருந்த ஹாட்வெயார் கடைக்கு மூவரும் போனோம். வாசலிலேயே விலை குறைத்த சாமான்கள் கிடந்த ஒரு பெரிய கூடை. அதற்குள் நான்கு ரின்கள், எல்லாம் ஒரே நிறம். மூடியில் காட்டியிருந்த நிறத்தைப் பார்த்ததும் அண்ணை குனிந்து ஒன்றைத் தூக்கிக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டார். குழைத்த சந்தனத்தின் நிறம். விலையும் வழக்கமான விலையில் பாதிக்குக் கீழே. கடைக்கார வெள்ளைக்காரக் கிழவர் சொன்னார், கொம்பனி அந்த நிறத்தை நிறுத்திவிட்டது, இந்த நான்கும்தான் கடைசி என்று.

"அப்ப நாலையும் எடுப்பம்," என்றார் அண்ணை.

"என்னத்துக்கு அண்ணை? ரெண்டு காணும்."

"இல்லையடா, ஒரு காவலுக்கு."

"கணக்குச் சரியெண்டா காவல் என்னத்துக்கு? ஆறு பவுண் மிச்சம். அண்ணி வாற நேரம் செலவு இருக்கும்தானே."

"புரொபசர், வாங்கினா வாங்கினதுதானே," என்று இழுத்தான் மன்னார்க்காரன். "பெயின்ற் என்ன பழஞ்சோறே, நாளைக்குப் புளிக்கிறதுக்கு?"

நான் கொப்பியை விரித்து, கடை வாசலில் வைத்தே படி படியாக மறுபடி விளக்கினேன். அண்ணை கடைசி வரை கேட்டார். அவருக்கு விளங்கியிருக்காது என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் விளங்கவில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "படிச்ச பிள்ளை சொல்லுது," என்று இரண்டு ரின்னைத் திருப்பிக் கூடைக்குள் வைத்தார். ஒரு ரோலர், அதற்கான தட்டு, ஒரு சின்ன பிறஷ் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நாளாகத்தான் விடிந்தது. மன்னார்க்காரன் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டுப் புதுச் சேட்டோடு நேராக வேலைக்கு வந்தான். அழுக்காகுமே என்றதற்கு, சேட்டைக் கழற்றி உட்புறம் வெளியே வரப் போட்டுக்கொண்டான். கட்டில்கள், அலுமாரி, பேக்கரிக்காரரின் பெட்டிகள் எல்லாவற்றையும் கதவுக்கு எதிர்ச் சுவரோடு அடுக்கிவிட்டு, மற்ற மூன்று சுவர்களிலும் தொடங்கினோம். கசற்றில் பாட்டு. ஜன்னல் திறந்திருந்ததால் குளிர். குளிருக்காக அண்ணை தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். மதியம் பாணும் சம்பலும். கையில் சந்தன நிறத்தோடு சாப்பிட்டதில் சம்பலுக்கு ஒரு பெயின்ற் வாசம் வந்தது, யாரும் பொருட்படுத்தவில்லை. பேக்கரிக்காரர் வேலையால் வந்து எட்டிப் பார்த்து, "இதென்ன, கோயில் மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டார்.

சுவரில் ஒட்டியிருந்த காகிதம் சாதாரணக் காகிதம் இல்லை. மரத்தூளை உள்ளே வைத்து ஒட்டிய, தொட்டால் பொரி பொரியாக உறுத்துகிற காகிதம். அந்தக் காலத்து வாடகை வீடுகள் பாதியில் அதுதான் இருக்கும். ஒவ்வொரு பொரியைச் சுற்றியும் பெயின்ற் இறங்கி நின்றது. ரோலரை அழுத்தி உருட்டும்போது, சுவர் கொஞ்சம் அதிகமாகத்தான் குடிக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் அரை லீற்றர் மிச்சம் இருக்கிறதே என்று தைரியமாக உருட்டினேன்.

மூன்று சுவரும் இரண்டு பூச்சு முடிந்து காய்ந்தபோது நான்கு மணி. அழகாக இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கட்டில்களை இழுத்து நடுவே விட்டு, நான்காவது சுவருக்கு வந்தோம். இரண்டாவது ரின்னைத் தட்டில் கவிழ்த்தேன். அது கொட்டவில்லை, சொட்டியது. அகப்பையால் வழித்தெடுத்து, ரோலரைப் பிழிந்து, கதவளவு அகலத்துக்கு ஒரு பட்டை அடித்தோம். அதோடு முடிந்தது.

பிறகு மன்னார்க்காரன் மிகவும் பணிவாகக் கேட்டான்.

"புரொபசர், உம்மட கணக்கில நாலாவது சுவர் இருந்ததோ? இல்லாட்டி இண்டைக்கு ஞாயிறெண்டு அதுக்கு லீவு குடுத்தீரோ?"

நான் கொப்பியை எடுத்தேன். கூட்டல் சரி. பெருக்கல் சரி. பத்து தசம் ஏழு ஆறும் சரி. பிழை எங்கே என்று நான் தசமப் புள்ளிக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தபோது, அவன் என் அடிமட்டத்தை எடுத்து, "அண்ணை, கையை நீட்டுங்கோ," என்றான். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை வைத்துப் பார்த்தான். ஓரடி, அதற்குப் பிறகு எட்டு அங்குலம்.

"இருவது," என்றான். "உம்மட முழம் எத்தினை?"

"பதினெட்டு."

"அது உம்மட பள்ளிக்கூடத்து வாத்தியாற்ற முழம். இது இவற்ற முழம்."

"ரெண்டு அங்குலம்தானேயடா," என்றார் அண்ணை, எனக்காகப் பரிந்து.

இரண்டு அங்குலம்தான். ஆனால் நீளத்தில் ஒவ்வொரு முழத்துக்கும் இரண்டு, உயரத்தில் ஒவ்வொரு முழத்துக்கும் இரண்டு, இரண்டும் ஒன்றையொன்று பெருக்கி, கிட்டத்தட்ட கால்வாசி அறை என் கொப்பிக்கு வெளியே நின்றிருந்தது. மிச்சத்தைப் பொரிக் காகிதம் குடித்துவிட்டது. தசமத்தில் இரண்டு தானம் வரை பார்த்த நான், அந்த அடிமட்டத்தை அண்ணையின் கையில் ஒரு தரம் வைத்துப் பார்க்கவில்லை. அது என் பைக்குள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்போது கடை திறக்கமாட்டார்கள். திங்கள் காலை கடை திறக்கிற நேரத்துக்கே போய் நின்றேன். கூடையில் மற்றச் சாமான்கள் கிடந்தன. அந்த இரண்டு ரின்னும் இல்லை. சனி பின்னேரமே ஒரு அம்மா வந்து கொண்டுபோய்விட்டாராம். "நல்ல நிறம் அது," என்று கிழவர் எனக்கு ஆறுதல் சொன்னார். வீட்டுக்கு வரும்வரை அண்ணையிடம் அதை எப்படிச் சொல்வது என்றே யோசித்தேன். சொன்னதும் அவர் கோபிக்கவில்லை. "தோர்ண்டன் ஹீத்துக்கு எத்தினை பஸ் மாறவேணும்?" என்று மட்டும் கேட்டார். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாடிப்படிக்குக் கீழே வீட்டுக்காரர் விட்டுப்போன வெள்ளைப் பெயின்ற் இருந்தது. பழையது, ஆனால் நல்ல நிலையில், ஒரு சுவருக்குக் காணும்.

"வெள்ளையை அடிச்சிட்டுப் பேசாம இருப்பம்," என்றான் மன்னார்க்காரன். "மூண்டு சந்தனம், ஒண்டு விபூதி. சைவக்காரருக்கு இதைவிட என்ன வேணும்?"

அது நல்ல யோசனை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் பிழை விட்டவன் நான். அதை அரைகுறையாகத் திருத்த எனக்கு மனமில்லை. ஒரு அறைக்கு ஒரு நிறம் இருந்தால்தான் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்வார் என்று வாதாடினேன். சமையலறையில் மஞ்சள் தூள் பக்கற் கண்ணில் பட்டது. ஒரு தேநீர்க் கோப்பை வெள்ளைப் பெயின்றில் ஒரு கரண்டி மஞ்சள் தூளைக் கலக்கி, பழைய பத்திரிகையில் பூசி, ஈரத்தோடு சுவருக்குப் பக்கத்தில் பிடித்தேன். கொஞ்சம் கூட. அடுத்த கோப்பையில் முக்கால் கரண்டி. அச்சு அசல் சந்தனம். ஒரு கோப்பைக்கு முக்கால் கரண்டியென்றால் முழு வாளிக்கு எத்தனை கரண்டி? இந்த முறை நிதானமாக, கோப்பையை உண்மையிலேயே அளந்து கணக்குப் போட்டேன். தமிழ்க்கடையில் இன்னும் இரண்டு பக்கற் வாங்கிவந்து, தூளை மெல்லிய துணியில் சலித்துக் கலந்தோம்.

புதன் பிற்பகல் நான்காவது சுவர் முடிந்தது. மூலையில் நின்று பார்த்தால் எது கடைச் சந்தனம், எது எங்கள் சந்தனம் என்று சொல்ல முடியாது. மன்னார்க்காரன் எனக்குக் கை தந்தான். அண்ணை என் தலையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

வியாழன் காலை நானும் அண்ணையும் விடியவே வேலைக்குப் போய்விட்டோம். அவசரத்தில் இருவரும் முன்னறையைத் திறந்து பார்க்கவில்லை. இரண்டு மணிக்கு நான் திரும்பி வந்தபோது மன்னார்க்காரன் முன்னறைக் கதவில் சாய்ந்து, என் வரவுக்காகவே காத்திருந்தவன் போல நின்றான்.

"வாரும், வாரும். உம்மட சுவருக்கு வெக்கம் வந்திட்டுது."

நான்காவது சுவர் சிவந்திருந்தது. காலையில் செம்மஞ்சளாக இருந்ததாம். மத்தியானத்துக்குள் இந்த நிறம். மூன்று சுவர் சந்தனம், ஒரு சுவர் ஆலத்தித் தண்ணீர்.

ஆலத்தி என்று மனதில் வந்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பைப் போட்டால் சிவக்கும் என்பது எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மணமக்களுக்கு ஆலத்தி எடுப்பது அதில்தான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று உயர்தர இரசாயனத்தில் நானே பரீட்சை எழுதியிருக்கிறேன். அந்தப் பழைய வெள்ளைப் பெயின்றில் காரம் இருந்திருக்கிறது. தூள் கரையக் கரைய, மெதுவாகத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. வீட்டிலும் சொல்லித் தந்த பாடம், பள்ளியிலும் சொல்லித் தந்த பாடம். இரண்டையும் ஒரே வாளிக்குள் போட்டுக் கலக்கியிருந்தேன்.

ஓடினேன். அந்தப் பக்கத்துக் கடைகள் வியாழக்கிழமைகளில் ஒரு மணிக்கே பூட்டிவிடும் என்பது பூட்டைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வெள்ளைப் பெயின்றிலும் ஒரு துளி மிச்சமில்லை. அந்தக் கணக்கு மட்டும் மிகச் சரியாக வந்திருந்தது.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். அண்ணை குளித்து, கலியாணத்துக்குப் போவது போல வெள்ளைச் சேட்டுப் போட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இரவு ஏழு மணிக்கு விமானம் இறங்கும். வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் ஜன்னல் பக்கச் சுவரை உள்ளங்கையால் தடவினார். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. மூலைகளில் குனிந்து பார்த்தார். தலையாட்டினார். பிறகு திரும்பினார்.

"இது என்ன?"

அண்ணை தன் பெற்றோல் ஸ்டேசன் ஆங்கிலத்தைத் திரட்டி முந்திக்கொண்டார். "என் மனைவி சிவப்பு விருப்பம், சேர். மிகவும் விருப்பம். ஒரு சுவர் அவளுக்கு."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அண்ணையின் பொய்யை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். எனக்கு அது வரவில்லை. அவர் மனைவிக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, நான்தான் கணக்கைப் பிழையாகப் போட்டேன், அந்த நிறம் போதாமல் போனதற்கு நான்தான் மஞ்சள் கலந்தேன் என்று சொல்லிவிட்டேன். என் காலை அண்ணை மிதித்தது பாதி வசனத்தில், நிறுத்த முடியவில்லை.

"மஞ்சள்?" வீட்டுக்காரர் விரலை நாக்கில் தொட்டு, சுவரில் தேய்த்து, மூக்குக்குக் கொண்டுபோனார். "என் சுவரில் ஹல்தியா?"

"ஓம்," என்றேன், ஆங்கிலத்தில் சொல்ல மறந்து.

அவர் முகம் எந்தப் பக்கம் போகப் போகிறது என்று சில விநாடிகள் தெரியவில்லை. பிறகு தாடி ஆடியது. சிரிப்பு வயிற்றிலிருந்து புறப்பட்டு வந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தனக்குக் கலியாணமானபோது இரண்டு நாள் இதைத்தான் உடம்பெல்லாம் பூசினார்களாம். கழுவக் கழுவப் போகவில்லையாம். "மணமகனுக்குப் பூசுவதைச் சுவருக்குப் பூசியிருக்கிறாய், பேட்டா!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பியபோது மறுபடி வியாபாரியாகிவிட்டார். மூன்று சுவர் தன் பெயின்ற்காரன் அடிப்பதைவிட நன்றாக இருக்கிறது என்றார். அறை குடும்பத்துக்குத்தான். ஆனால் இரண்டு நிபந்தனை: இந்த மஞ்சள் பூசிய சுவரை மாத முடிவுக்குள் ஒழுங்காக மாற்ற வேண்டும், அதோடு நடைபாதையும் மாடிப்படிச் சுவரும் நாங்களே அடிக்க வேண்டும், சாமான் எங்கள் செலவு.

நான் மொழிபெயர்த்து முடிக்கவில்லை. அண்ணை என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஓமெண்டு சொல்லடா! வீட்டுக் கூரைக்கும் அடிக்கிறமெண்டு சொல்லு!"

"எவ்வளவு பெயின்ற் பிடிக்கும் என்று நினைக்கிறாய்?" என்று போகிற போக்கில் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். மன்னார்க்காரன் இருமுவது போல வெளியே போய்விட்டான்.

அன்று இரவு அண்ணி வந்து சேர்ந்தா. நாங்கள் நினைத்திருந்ததைவிட உயரம் குறைவு, குரல் பெரிது. அண்ணை பெட்டிகளை இறக்கிவைக்கு முன்னமே முன்னறைக்குள் போய், நான்கு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தா.

"இஞ்சாருங்கோ, இதென்ன, எனக்கு எடுக்க வேண்டிய ஆலத்தியைச் சுவருக்கு எடுத்துப்போட்டு நிக்கிறியள்?"

அண்ணை முகம் மலரச் சிரித்தபடி என்னைக் காட்டினார். "எல்லாம் இவற்ற கணக்கு."

நான் மன்னிப்புக் கேட்கிற தொனியில் முழத்தைப் பற்றியும் இரண்டு அங்குலத்தைப் பற்றியும் சொன்னேன். அவ கவனமாகக் கேட்டா. ஊரில் அவ தையல் தைத்தவ என்பது அப்போதுதான் தெரிந்தது.

"தம்பி, உங்கட பெருக்கல் பிழையில்லை. இவரை அளவெடுக்க விட்டதுதான் பிழை. இவற்ற சேட்டுக்குக் கை வெட்டேக்க நான் ரெண்டு தரம் துணி போதாமப் போய் அழுதிருக்கிறன்."

அடுத்த சனிக்கிழமை அவவுடைய பெட்டிக்குள்ளிருந்து தையல் நாடா வந்தது. நடைபாதையையும் படியையும் சிவந்த சுவரையும் அவ அளந்தா, நான் எழுதினேன், அண்ணை கைகளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது உத்தரவு. நான் விடையைச் சொன்னதும், "சுவர் பொரியாக் கிடக்குது, ஓரத்துக்கு மடிக்கத் துணி விடுற மாதிரி கொஞ்சம் விடுங்கோ," என்று அஞ்சில் ஒரு பங்கு கூட்டச் சொன்னா. நான்கு ரின் என்று வந்தது. முழுவிலைக்குத்தான் வாங்க வேண்டியிருந்தது. மஞ்சள் கறை வெளியே வராமலிருக்க முதலில் வேறொரு பூச்சு அடிக்க வேண்டும் என்று கடைக்காரக் கிழவர் சொன்னதால் அதற்கும் ஒரு ரின். நாங்கள் ஐந்து பேருமாக இரண்டு ஞாயிறு அடித்தோம். படியின் மேற்பகுதியை அண்ணை ஏணி இல்லாமலே அடித்தார். அந்தக் கை அதற்குத்தான் உதவும் என்றா அண்ணி.

ஆறு பவுண் மிச்சம் பிடிக்கப் போய், முதல் வாங்கிய இரண்டு ரின், ரோலர், மஞ்சள் தூள், கறை மறைக்கிற பூச்சு, பிறகு வாங்கிய நான்கு ரின், புதுப் பிறஷ் ஒன்று எல்லாம் சேர்த்து, அண்ணைக்கும் அண்ணிக்கும் அந்த முன்னறை கிடைக்க எங்களுக்குச் செலவானது நாற்பத்தாறு பவுண் நாற்பத்தெட்டு பென்ஸ்.